பக்கிங்காம் கால்வாயில் சரக்குப் படகு ஏன் ஓடவில்லை? ஆந்திர எல்லையிலிருந்து ஒரு விளக்கம்

ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தச் செய்தி பழகிப்போன ஒன்று. பக்கிங்காம் கால்வாயில் மறுபடி சரக்குப் படகு வரப்போகிறது, காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை நீர்வழி தயாராகப் போகிறது என்று சில வருடங்களுக்கு ஒருமுறை பேப்பரில் வரும். 2008 நவம்பரில் இந்தப் பாதையை ‘தேசிய நீர்வழி 4’ என்று அறிவித்தபோது வந்தது. 2016ல் புதிய சட்டம் போட்டபோதும் வந்தது. கால்வாயில் மாற்றம் ஒன்றும் இல்லை. பல இடங்களில் தூர்ந்து, கரையில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதற்கு மேற்கே சில மைல் தள்ளி ஓடும் தேசிய நெடுஞ்சாலை 16, அதாவது நம்மூர்க்காரர்களின் ஜி.என்.டி. ரோடு, நான்கு வழியாகி, இப்போது ஆறு வழியாக விரிந்துகொண்டிருக்கிறது.

இரண்டுக்கும் ‘தேசிய’ என்ற பட்டம் இருக்கிறது. இரண்டும் கடற்கரையை ஒட்டி வடக்கும் தெற்குமாகப் போகின்றன. ஒன்றில் இரவு பகலாக லாரி ஓடுகிறது, இன்னொன்றில் தோணிகூட முழுத் தூரம் போக முடியாது. ஏன் இப்படி?

அறிவிப்பு என்ன தருகிறது, என்ன தருவதில்லை

சாலையும் உள்நாட்டு நீர்வழியும் அடிப்படையில் மாநிலங்களின் பொறுப்பு. நாடாளுமன்றச் சட்டப்படி ‘தேசிய நெடுஞ்சாலை’ என்று அறிவிக்கப்பட்டவை மட்டும் அரசியலமைப்பின் மத்தியப் பட்டியலில் 23-வது பதிவின் கீழ் வரும். 24-வது பதிவு நீர்வழிக்கானது. நாடாளுமன்றம் அறிவித்த நீர்வழிகளில் எந்திரப் படகுகளின் போக்குவரத்து மத்திய அரசிடம் போகும்.

ஒன்றுபோலத் தெரிந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நெடுஞ்சாலை என்றால் 1956ஆம் வருடச் சட்டத்தின் கீழ் நிலத்தையே கையகப்படுத்தலாம். நிலம், தார், பாலம், டோல்கேட் எல்லாம் ஒரே கைக்குள் வந்துவிடும். நீர்வழியில் மத்திய அரசுக்குக் கிடைப்பது படகு ஓட்டும் உரிமையும் அதற்கான வேலைகளும்தான். தண்ணீரும் பாசனமும் வடிகாலும் மாநிலத்திடமே இருக்கும். பக்கிங்காம் கால்வாய் விஷயத்தில் இரண்டு மாநிலங்கள். ஆரம்பாக்கத்துக்குத் தெற்கே ஒரு அரசு, வடக்கே இன்னொரு அரசு, படகுக்கு மட்டும் நொய்டாவில் தலைமையகம் உள்ள உள்நாட்டு நீர்வழி ஆணையம்.

எண்களைப் பற்றியும் சொல்லிவிடலாம், பலர் குழம்புகிறார்கள். 2010ல் நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் வைத்தார்கள். வடக்கு–தெற்காகப் போகும் சாலைகளுக்கு இரட்டை எண், கிழக்கிலிருந்து மேற்கே போகப்போக எண் கூடும். கிழக்குக் கரையில் 16, நாட்டின் நடுவே ஸ்ரீநகர்–கன்னியாகுமரி 44, மேற்குக் கரையில் 66 என்று வருவது அதனால்தான். கிழக்கு–மேற்காகப் போகிறவற்றுக்கு ஒற்றை எண், அது வடக்கிலிருந்து தெற்கே கூடும். மூன்று இலக்கம் என்றால் கிளைச் சாலை: நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிப் பக்கம் போகும் 716, பதினாறின் கிளை. பழைய எண் 5-ஐயும் 205-ஐயும் இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டும் அதே சாலைகள்தான். நீர்வழி எண்களில் இந்த மாதிரி வரைபட ஒழுங்கு கிடையாது. 1986ல் கங்கை 1, 1988ல் பிரம்மபுத்திரா 2, 1993ல் கேரளத்தின் மேற்குக் கரைக் கால்வாய் 3, 2008ல் நம்முடையது 4 என்று அறிவித்த வரிசையில் போயிற்று. 2016ல் ஒரே சட்டத்தில் 106 பாதைகளைச் சேர்த்து மொத்தத்தை 111 ஆக்கினார்கள்.

ஒரே நாளில் 106. அதில் பல, மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் பார்க்கும் ஆறுகள். அறிவிப்பு வந்துவிட்டது என்பதால் படகு வரும் என்று அர்த்தம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

தண்ணீரில் அனுப்பினால் உண்மையிலேயே மலிவா?

மலிவுதான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஒரு லிட்டர் எரிபொருளில் ஒரு டன் சரக்கை லாரி 24 கிலோமீட்டர் கொண்டு போகும், ரயில் 85, படகு 105 என்பது நீர்வழித் துறையினர் வழக்கமாகக் காட்டும் கணக்கு. 2,000 டன் கொள்ளும் ஒரு படகு, 16 டன் லாரிகள் 125-க்குச் சமம்.

ஆனால் இந்தக் கணக்கு படகு நடுவழியில் போய்க்கொண்டிருக்கும்போது மட்டும் பொருந்தும். கிருஷ்ணப்பட்டினம் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஒரு ஆலைக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாலையில் என்றால் துறைமுகத்தில் ஒருமுறை லோடு ஏற்றி, ஆலை வாசலில் ஒருமுறை இறக்குவார்கள். படகில் என்றால் துறைமுகத்தில் படகுக்கு, படகிலிருந்து துறைக்கு, துறையிலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து ஆலைக்கு. ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் இரட்டிப்பாகும், நிலக்கரி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிந்தும், கடைசிச் சில கிலோமீட்டருக்கு எப்படியும் லாரி வாடகை தர வேண்டும். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தூரத்துக்கு இந்தக் கூடுதல் செலவு படகில் மிச்சமாகும் டீசலைத் தின்றுவிடும். தூரம் நீண்டால்தான் படகுக்கு லாபம்.

மத்திய அரசுக்கும் இது தெரியும். 2024 டிசம்பரில் தொடங்கிய ஜல்வாஹக் திட்டத்தில், 300 கிலோமீட்டருக்கு மேல் சரக்கை நீர்வழியில் கொண்டு போகிறவர்களுக்கு ஓட்டச் செலவில் 35 சதவீதம் வரை திருப்பித் தருகிறார்கள். மலிவான வழிக்கு ஏன் மானியம் என்று கேட்டால், பதில் மேலே சொன்ன நான்கு ஏற்றிறக்கத்தில் இருக்கிறது. அந்தத் திட்டம் கங்கை (1), பிரம்மபுத்திரா (2), அசாமின் பராக் ஆறு (16) ஆகிய நீர்வழிகளுக்கு. நம் நான்காம் எண் அதில் இல்லை.

பழைய காலத்தில் எப்படி ஓடியது

1806ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி, சென்னையிலிருந்து எண்ணூர் வரை உப்புநீர்க் கால்வாய் வெட்டத் தொடங்கினார். அது பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837ல் அரசு எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டே போனது. 1877–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக, கூலிக்கு மண் வெட்டியவர்களின் கையால் சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. பசியில் மண் சுமந்தவர்கள் யார் பெயரும் அதில் இல்லை.

இந்தக் கால்வாய் பெரும்பாலும் கடலுக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்திலேயே, உப்பங்கழிகளைக் கோத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் ஆற்றிலிருந்து வருவதில்லை. முகத்துவாரங்கள் வழியாகக் கடல் ஏறும்போது நிரம்பும், இறங்கும்போது வடியும். வடிந்துவிட்டால் படகு தரை தட்டும். அதற்காகத்தான் ‘லாக்’ என்ற அடைப்புகளைக் கட்டினார்கள். எதிரெதிரே இரண்டு ஜோடிக் கதவு, நடுவில் ஒரு தொட்டி. படகு உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்துவார்கள். முன்கதவில் உள்ள சின்னத் திறப்பை விட்டால் இரண்டு பக்கத் தண்ணீரும் மெல்ல ஒரே மட்டத்துக்கு வரும். மட்டம் ஒன்றானபின் முன்கதவைத் திறக்க ஆள்பலமே போதும். காற்று இருந்தால் பாய் விரித்தும், இல்லாவிட்டால் கழி ஊன்றியும், கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தும் தோணியைக் கொண்டுபோனார்கள். ஸ்ரீஹரிகோட்டா விறகு, உப்பு, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல், வடக்கேயிருந்து நெல் எல்லாம் சென்னைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

கால்வாயை முதலில் அடித்தது நெடுஞ்சாலை இல்லை, ரயில். 1899ல் கூடூர் வழியாகச் சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் ரயில் பாதை இணைந்தது. அதற்குப் பிறகும் விறகும் உப்பும் தோணியில் வந்துகொண்டுதான் இருந்தன, அவசரமில்லாத சரக்கு அது. 1965, 1966 புயல்கள் கரையையும் கதவுகளையும் நாசமாக்கியபின் நெடுந்தூரப் போக்குவரத்து எழவே இல்லை.

சாலை ஆற்றுக்கு மேலே போகும், கால்வாய் ஆற்றுக்குள்ளே போக வேண்டும்

என் பார்வையில் விஷயத்தின் மையம் இதுதான். பேச்சு வந்தாலே ஆக்கிரமிப்பு, குப்பை, அரசியல் என்று போய்விடுகிறது. அவையெல்லாம் உண்மைதான். ஆனால் அவை ஒன்றுமே இல்லாவிட்டாலும் இந்தக் கால்வாய்க்கு ஒரு தீராத சிக்கல் உண்டு.

1. நம் பக்கத்து ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. கொசஸ்தலை, ஆரணி, காளங்கி, ஸ்வர்ணமுகி, நெல்லூரில் பெண்ணாறு. கால்வாய் வடக்கு–தெற்கு. அதனால் இவை ஒவ்வொன்றையும், நேராகவோ அவை போய்ச் சேரும் கழி வழியாகவோ, கால்வாய் குறுக்கே சந்தித்தாக வேண்டும்.

2. சாலையும் அதே ஆறுகளைத்தான் கடக்கிறது. ஆனால் பாலம் போட்டு மேலே போய்விடுகிறது. கால்வாயின் தண்ணீர் மட்டமும் ஆற்றின் மட்டமும் ஒன்றாக இருப்பதால் அதற்கு மேலே போக வழியில்லை.

3. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வரும்போது ஆறு கொண்டுவரும் மணலும் வண்டலும் இந்தச் சந்திப்புகளில் படியும். ஓட்டம் மெதுவாகும் இடத்தில் மண் இறங்குவது இயற்கை.

4. ஆகவே தூர்வாருவது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை இல்லை. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பின்பும், ஒவ்வொரு சந்திப்பிலும் செய்ய வேண்டும். ஒரு வருடம் விட்டால் அடுத்த வருடம் பாதை துண்டு துண்டாகிவிடும்.

5. படகுப் பாதையில் சராசரி ஆழத்தால் பயனில்லை. நூறு கிலோமீட்டரில் 99 கிலோமீட்டர் நல்ல ஆழம், ஒரே இடத்தில் முழங்கால் தண்ணீர் என்றால் படகு அந்த ஒரே இடத்துக்கு ஏற்ற அளவில்தான் இருக்க முடியும். நீர்வழிக்காரர்கள் இதைக் ‘குறைந்தபட்ச ஆழம்’ என்பார்கள், முழுப் பாதையின் தகுதியையும் அதை வைத்தே சொல்வார்கள்.

2021 நவம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். பெண்ணாறு பெருகி, நெல்லூருக்கு அருகே படுகுபாடு பக்கம் நெடுஞ்சாலை அரித்துப் போனது, ரயில் பாதையும் சேதமானது. தமிழ்நாட்டு லாரிகள் வழியில் மாட்டிக்கொண்டன. சில நாட்களில் மண்ணைக் கொட்டி, சமன் செய்து, வண்டியை விட்டுவிட்டார்கள். சாலைக்கு அந்த அவசரம் உண்டு, ஏனென்றால் பின்னால் நிற்கிற லாரிகளின் வரிசை எல்லார் கண்ணுக்கும் தெரியும். கால்வாய் 1966ல் உடைந்தபோது அப்படி ஒரு வரிசை நிற்கவில்லை.

இன்னும் மூன்று முட்டுக்கட்டைகள்

முதலாவது உயரம். படகு பெரிதானால் மேலே இடமும் வேண்டும். கால்வாயின் மேல் உள்ள தாழ்வான பாலங்களை எல்லாம் உயர்த்த வேண்டியிருக்கும். சென்னைக்குள் நிலைமை இன்னும் மோசம். பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாயிலேயே ஊன்றியிருக்கிறார்கள். கடற்கரை–மயிலாப்பூர் பகுதி 1997க்குள் முழுதாகத் திறந்தது, வேளச்சேரி வரை 2007ல். அதற்கு அடுத்த வருடமே இந்தக் கால்வாய் தேசிய நீர்வழி ஆனது. காக்கிநாடாவில் ஏறிய சரக்கு தண்ணீரிலேயே புதுச்சேரி போய்ச் சேரும் என்று யாராவது சொன்னால், சென்னையை எப்படித் தாண்டும் என்று கேளுங்கள்.

இரண்டாவது, தண்ணீருக்கு உரிமையாளர். 2008 அறிவிப்பின் 1,078 கிலோமீட்டரில் வடக்கு பக்கிங்காம் 316, தெற்கு பக்கிங்காம் 110. இதற்கும் வடக்கே காக்கிநாடா, ஏலூரு, கொம்மமூரு கால்வாய்கள். அவை கோதாவரி, கிருஷ்ணா டெல்டாவின் பாசனக் கால்வாய்கள். கோதாவரியில் அணை கட்டிய வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் காலத்திலேயே டெல்டாக் கால்வாய்களில் படகும் விட்டார்கள் என்பது உண்மை. ஆனால் கோடையில் பராமரிப்புக்காகத் தண்ணீரை நிறுத்துவது அங்கே வழக்கம். விவசாயிக்கு அது சரியான ஏற்பாடு. வருடம் முழுக்க ஒப்பந்தம் போடும் சரக்கு வியாபாரிக்கு அது ஒத்து வராது.

மூன்றாவது பழவேற்காடு ஏரி. பெரும் பகுதி ஆந்திராவில், கொஞ்சம் தமிழ்நாட்டில். இரண்டு பக்கமும் பறவைகள் சரணாலயம். இங்கே ஆழப்படுத்தினால் நீரின் உப்பும் ஓட்டமும் மாறும், இறாலும் மீனும் இடம் மாறும். எந்தக் குடும்பம் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்று ‘பாடு’ முறையில் பங்கிட்டு வாழும் மீனவர்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை. வனவிலங்குச் சட்ட அனுமதியும் கடலோர ஒழுங்குமுறை அனுமதியும் இல்லாமல் இங்கே தூர்வாரும் எந்திரத்தை இறக்க முடியாது. இறக்கவும் கூடாது.

ஓடுகிற இடத்தில் எப்படி ஓடுகிறது

கேரளத்தைப் பாருங்கள். தேசிய நீர்வழி 3, முதலில் அறிவித்தபோது கொல்லம் முதல் கோட்டப்புரம் வரை 168 கிலோமீட்டர், அதோடு கொச்சிப் பக்கம் சம்பக்கரைக் கால்வாய் 14, உத்யோகமண்டல் கால்வாய் 23. இதில் சரக்குக்கு உயிர்கொடுத்தவை அந்த இரண்டு குட்டைக் கால்வாய்கள். ஒரு முனையில் கொச்சித் துறைமுகம், மறு முனையில் கால்வாய்க் கரையிலேயே உர ஆலை. கந்தகம், பாஸ்பாரிக் அமிலம் போன்ற மூலப்பொருளைப் படகிலிருந்து நேரே ஆலைக்கு எடுக்கலாம். நடுவில் லாரி இல்லை. தூரம் குறைவானால் படகுக்கு லாபமில்லை என்று மேலே சொன்ன விதி இங்கே உடைவதற்குக் காரணம் அதுதான். தண்ணீரும் அங்கே காயலின் தண்ணீர், வருடம் முழுக்க நிற்கும். 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ ஆள் ஏற்றுவதற்கு. அதுவும் தீவுகளையும் நகரத்தையும் இணைக்கும் சின்னத் தூரங்களில்தான் ஓடுகிறது.

கங்கையில் கதை வேறு. ஹால்தியா–பிரயாக்ராஜ் 1,620 கிலோமீட்டர், பீகாரில் உள்ள ‘பார்’ என்ற ஊர் வரை 3 மீட்டர் ஆழம் என்று இலக்கு வைத்துச் செலவு செய்கிறார்கள். அவ்வளவு தூரம், அவ்வளவு பெரிய ஆறு, வழியில் நிலக்கரியும் சிமெண்டும் உண்டு. அங்கேயே மானியம் தேவைப்படுகிறது.

நான்காம் நீர்வழியிலும் வேலையைத் தொடங்கிய இடம் எது என்று கவனியுங்கள்: கிருஷ்ணாவில் முக்தியாலா–விஜயவாடா, 82 கிலோமீட்டர், 2017ல் முதல் கட்டம். ஜக்கய்யப்பேட்டை சிமெண்ட் ஆலைகள் அந்தப் பக்கம். பக்கிங்காம் கால்வாயைக் கடைசியாக, மூன்றாம் கட்டத்தில் வைத்தார்கள். பேப்பரில் ‘நீர்வழி 4-ல் பணி தொடக்கம்’ என்று வந்தபோது தடாவிலும் பழவேற்காட்டிலும் படகை எதிர்பார்த்தவர்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

அப்படியானால் இந்த எல்லைக்கு என்ன மிச்சம்

லாரிக்கு எல்லையில் இருந்த பெரிய தடை போயே போய்விட்டது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனை வரிச் சோதனைச்சாவடிகள் மூடின. தடா பி.வி. பாளையத்தில் தாளைக் காட்டக் காத்து நின்ற இரவுகள் முடிந்தன. 2018 ஏப்ரலிலிருந்து சரக்குக்கு ஆன்லைனிலேயே எடுக்கும் ஈ-வே பில், 2021 பிப்ரவரியிலிருந்து டோல்கேட்டில் பாஸ்டேக் கட்டாயம். சாலை ஒவ்வொரு சீர்திருத்தத்திலும் வேகம் கூடிக்கொண்டே போகிறது, கால்வாய்க்கு அந்தப் பந்தயத்தில் இனி இடமில்லை. நெடுந்தூரச் சரக்குப் பாதையாக வடக்கு பக்கிங்காம் கால்வாய் திரும்பி வராது என்பதே என் முடிவு. அதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கால்வாயைச் சரக்குப் பாதையாக மட்டும் எண்ணி, சரக்கு வராது என்று தெரிந்ததும் கைவிடுவதை ஏற்க முடியாது. அது செய்கிற மற்ற வேலைகளைப் பாருங்கள்:

1. மழை வெள்ளம் முகத்துவாரத்தைத் தேடிப் போக அதுதான் கடலோரத்தில் குறுக்கு வடிகால். அது தூர்ந்தால் வெள்ளம் ஊருக்குள் நிற்கும்.

2. 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆந்திராவின் பெத்தகஞ்சாம் முதல் சென்னை வரை கால்வாய் அலையை உள்வாங்கிக்கொண்டது. நிரம்பிய தண்ணீர் சில இடங்களில் மட்டும் கரை தாண்டி, பின் கடலுக்கே திரும்பியது. அன்று அது கால்வாய்க்கு மேற்கே இருந்த குடியிருப்புகளுக்குக் காப்பு.

3. ஏரிக்கும் கழிகளுக்கும் இடையே கடல்நீர் ஏறி இறங்க அது வழி. மீன் அதில்தான் வந்து போகிறது.

4. உள்ளூர் மீனவரின் சின்னப் படகுக்கு இரண்டு மீட்டர் ஆழம் தேவையில்லை. இடுப்பளவு தண்ணீர் தடையில்லாமல் கிடைத்தாலே ஊர்விட்டு ஊர் போகலாம், பறவை பார்க்க வருபவர்களை ஏற்றலாம்.

இந்த நான்குக்கும் பாலத்தை உயர்த்த வேண்டாம், பறக்கும் ரயில் தூணைத் தொட வேண்டாம், விஜயவாடா வரை பாதை சேர வேண்டாம். நீர்வழி ஆணையமும் வர வேண்டியதில்லை, இரண்டு மாநில நீர்வளத் துறைகள் பேசினாலே நடக்கும். முதலில் மணல் மூடும் முகத்துவாரங்கள்: தெற்கே பழவேற்காடு, வடக்கே ராயதொருவு. அவை திறந்திருந்தால்தான் கால்வாய்க்குக் கடல்நீர் வரும். அதன்பின் ஆறும் கால்வாயும் சந்திக்கும் இடங்கள், ஒவ்வொரு வருடமும், மழை ஓய்ந்தபின். மீனவர் பஞ்சாயத்துகளைக் கேட்டு, பறவை கூடு கட்டும் மாதங்களைத் தவிர்த்து. அடுத்த முறை பேப்பரில் நீர்வழி 4 பற்றி அறிவிப்பு வந்தால், எத்தனை கோடி என்பதைப் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டு முகத்துவாரங்களின் பெயர் அதில் இருக்கிறதா, வருடாந்தரத் தூர்வாரலுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறதா என்று பாருங்கள்.